41-இல் 13 போனால் எத்தனை?
மூன்றாம் வகுப்பில் மூவரில் இருவருக்கு விடை தெரியவில்லை

புது தில்லி: 41-லிருந்து 13-ஐக் கழிக்கச் சொன்னால் மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் பலர் 32 என்று எழுதுகின்றனர். மூன்றில் ஒன்று போனால் இரண்டு. நான்கில் ஒன்று போனால் மூன்று. மேலே எது, கீழே எது என்று பாராமல், பெரிய இலக்கத்திலிருந்து சிறிய இலக்கத்தைக் கழித்து விடுகின்றனர். இது கவனக்குறைவால் நேரும் பிழையன்று. 41 என்பது நான்கு பத்துகளும் ஓர் ஒன்றும் என்பது அக்குழந்தைகளுக்கு இன்னும் புரியவில்லை. அருகருகே நிற்கும் இரு தனி எண்களாகவே அதைக் காண்கின்றனர்.

'பிரதம்' தொண்டு நிறுவனம் 2005-இல் தொடங்கிய 'அசர்' ஆய்வு, ஊரகப் பகுதிகளில் வீடு வீடாகச் சென்று இத்தகைய கணக்குகளைக் கொடுத்துப் பார்க்கிறது. 605 மாவட்டங்களில் நடந்த 2024-ஆம் ஆண்டு ஆய்வில், மூன்றாம் வகுப்பினரில் 33.7 சதவீதம் பேரே கழித்தல் கணக்கைச் சரியாகச் செய்தனர். அரசுப் பள்ளிகளில் இது 27.6 சதவீதம். ஐந்தாம் வகுப்பில் வகுத்தல் தெரிந்தவர்கள் 30.7 சதவீதம். 2022-இல் மூன்றாம் வகுப்பின் அளவு 25.9 சதவீதமாக இருந்ததால், இதை முன்னேற்றம் என்று அரசு கூறிக்கொள்ளலாம். அதில் தவறில்லை. ஆனாலும் மூவரில் இருவர் பின்தங்கியே நிற்கின்றனர்.

ஹிந்தி பேசும் மாநிலங்களின் குழந்தைகளுக்குக் கூடுதலாக ஓர் இடர்ப்பாடு உண்டு. தமிழில் நாற்பத்தைந்து என்றால் சொல்லிலேயே நாற்பதும் ஐந்தும் கேட்கும். ஹிந்தியிலோ நூறு வரையிலான எண்களின் பெயர்களைப் பெரும்பாலும் தனித்தனியே மனப்பாடம் செய்ய வேண்டும். 49 'உன்ச்சாஸ்', 59 'உன்சட்'. முன்னது ஐம்பதுக்கு ஒன்று குறைவு, பின்னது அறுபதுக்கு ஒன்று குறைவு என்ற பொருளில் அமைந்தவை. பத்துகளின் கணக்கு அங்கே காதில் விழுவதில்லை.

குழந்தைகளுக்குக் கணக்கு வராது என்ற முடிவுக்கும் வந்துவிட முடியாது. கொல்கத்தா, தில்லி சந்தைகளில் வேலை செய்யும் 1,400-க்கும் மேற்பட்ட சிறுவர்களிடம் பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்டோர் நடத்திய ஆய்வு 2025-இல் 'நேச்சர்' இதழில் வெளியானது. 800 கிராம் உருளைக்கிழங்குக்கும் 1.4 கிலோ வெங்காயத்துக்கும் விலை சொல்லி மீதிச் சில்லறை தருவது போன்ற கணக்குகளை மனத்திலேயே போடும் அச்சிறுவர்கள், தாளில் எழுதிய கணக்கின் முன் தடுமாறினர். பள்ளி மாணவர்களோ சந்தைக் கணக்கில் தடுமாறினர்.

இருவரும் 2019-இல் நோபல் பரிசு பெற்றவர்கள். தீர்வு குறித்த அவர்களது ஆய்வு அதற்கும் பழையது. 2001 முதல் 2003 வரை மும்பை, வடோதரா மாநகராட்சிப் பள்ளிகளில் பின்தங்கிய குழந்தைகள் 15 முதல் 20 பேரை நாளுக்கு இரண்டு மணி நேரம் தனியே அமர்த்தி, 'பால்சகி' எனப்பட்ட உள்ளூர் இளம்பெண்கள் அடிப்படைப் பாடம் கற்பித்தனர். மதிப்பெண்கள் உயர்ந்தன, மிகவும் பின்தங்கியவர்களே அதிகம் பயனடைந்தனர். வயதையும் வகுப்பையும் விட்டு, தெரிந்த அளவை வைத்துக் குழு பிரிக்கும் முறை இதிலிருந்து வளர்ந்தது.

அங்கே கருவி குச்சிகள்தான். பத்துக் குச்சிகள் ஒரு கட்டு. 41 என்றால் நான்கு கட்டும் ஓர் உதிரியும். 13-ஐ எடுக்க மூன்று உதிரிகள் வேண்டும், இருப்பதோ ஒன்று. ஒரு கட்டை அவிழ்த்தால் உதிரி 11. அதில் மூன்றைக் கொடுத்தால் எட்டு; மீதி மூன்று கட்டுகளில் ஒன்றைக் கொடுத்தால் இரண்டு. விடை 28. 'கடன் வாங்கிக் கழித்தல்' என்று கரும்பலகையில் சூத்திரமாக நிற்பது, இங்கே கையால் அவிழ்க்கும் ஒரு கட்டு.

இவ்வளவு எளிய வழி எல்லாப் பள்ளிகளிலும் ஏன் இல்லை? 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 24-ஆவது பிரிவில், குறித்த காலத்துக்குள் பாடத்திட்டம் முழுவதையும் முடிக்க வேண்டும் என்று ஆசிரியருக்கு ஆணையிடுகிறது. ஒவ்வொரு குழந்தையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டு, தேவைப்பட்டால் கூடுதலாகக் கற்பிக்க வேண்டும் என்பதும் அதே பிரிவில்தான் உள்ளது. நடைமுறையில் முன்னதே வெல்கிறது. பாடத்தை முடித்ததற்குப் பதிவேடு சான்று. பிந்தங்கிய குழந்தைக்கு அப்படி ஒரு சான்று இல்லை.

மூன்றாம் வகுப்பு முடிப்பதற்குள் அனைவருக்கும் எண்ணறிவு என்ற இலக்குடன் மத்திய அரசு 2021 ஜூலையில் 'நிபுண் பாரத்' இயக்கத்தைத் தொடங்கியது. 2026-27 அதற்கான கெடு. தமிழகம் 2022-இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கியது. இதற்கிடையே 2024 டிசம்பரில், மத்திய அரசுப் பள்ளிகளில் ஐந்து, எட்டாம் வகுப்புகளில் தேறாதவர்களை நிறுத்தி வைக்க விதி திருத்தப்பட்டது. இரண்டு மாதங்களுக்குள் நடக்கும் மறுதேர்வுக்கு முன் அவர்களுக்குக் கூடுதல் பயிற்சி உண்டு. அப்பயிற்சி ஐந்தாம் வகுப்பு வகுத்தலில் தொடங்குமா, அவிழ்க்கத் தெரியாத அந்தப் பத்துக் குச்சிக் கட்டில் தொடங்குமா என்பது பள்ளிகளின் கையில் உள்ளது.