உப்சாலா நகரிற் புதிய மாணவர்

கல்வியின் பொருட்டுப் பிறநாடு செல்லும் மாணவர் அங்குப் பயில வேண்டியன இரண்டு. ஒன்று, தாம் எடுத்துக்கொண்ட பாடம். மற்றையது, அந்நாட்டு வாழ்க்கை. முன்னதற்கு நூலும் ஆசிரியரும் உண்டு. பின்னதற்கோ அவை இல்லை. பாடத்தில் வல்லவராயிருந்தும் வாழ்க்கையிற் கால்கொள்ள மாட்டாது மனந்தளர்ந்து, காலம் நிறையுமுன்னரே மீள்வோரும் உளர். ஆதலின், சுவீடன் தேசத்து உப்சாலா நகருக்குப் பரிமாற்ற மாணவராய்ச் செல்லும் ஒருவர் அங்கு நிலைகொள்ளும் வகையினை, அவ்வழிச் செல்லக்கூடிய நம் இளைஞர்க்கும் அவரை அனுப்பும் பெற்றோர்க்கும் பயன்படுமாறு ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

உப்சாலா, தலைநகராகிய ஸ்டொக்ஹோமுக்கு வடக்கே ஏறக்குறைய 70 கிலோமீற்றர் தூரத்தில் உள்ளது. புகையிரதத்திற் சென்றால் முக்கால் மணி நேரத்துக்குள் அடையலாம். அங்குள்ள பல்கலைக்கழகம் 1477 ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்றது. வடபுல நாடுகளின் பல்கலைக்கழகங்களுள் மிகப் பழையது இதுவே. இந்நகருக்கும் நம் இலங்கைக்கும் ஒரு பழந்தொடர்பும் உண்டு. இங்குப் பேராசிரியராய் விளங்கிய தாவரவியல் அறிஞர் லின்னேயசு, இலங்கையை ஒருபோதும் கண்டவரல்லர். எனினும், ஒல்லாந்தக் கம்பனியின் வைத்தியராய் இங்கிருந்த போல் ஹெர்மன் என்பார் 17 ஆம் நூற்றாண்டிற் சேகரித்த செடிகொடிகளை ஆராய்ந்து, இலங்கைத் தாவரங்களைப் பற்றி 1747 ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். அவர் பேணிய தோட்டம் இன்றும் நகரின் நடுவே காட்சி தருகின்றது.

இனி, புறப்படுமுன் அறியவேண்டியவற்றைக் கூறுவாம். 2011 ஆம் ஆண்டு இலையுதிர் பருவம் முதலாக, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அப்பாலிருந்து தனியே விண்ணப்பித்துச் செல்லும் மாணவர் சுவீடனிற் கற்கைக் கட்டணம் செலுத்தல் வேண்டும். இரு பல்கலைக்கழகங்கள் தம்முட் செய்த உடன்படிக்கையின்வழிச் செல்லும் பரிமாற்ற மாணவருக்கு அக்கட்டணம் இல்லை. ஆயினும், வதிவிட அனுமதியைப் பயணத்திற்கு முன்னரே பெறுதல் இன்றியமையாதது. அன்றியும், அந்நாட்டிலே பிறந்த தேதியை முதலாகக் கொண்ட ஓர் ஆளடையாள எண் குடிகள் யாவர்க்கும் உண்டு. ஓராண்டோ அதன் மேலோ தங்குவோரே அதனைப் பெறுதற்குரியர். ஒரு பருவம் மாத்திரம் தங்கும் மாணவர் அவ்வெண் இல்லாமலே காலங்கழிக்க நேரும்; வங்கிக் கணக்குத் தொடங்குதல் முதலாய பல கருமங்கள் அவருக்கு எளிதிற் கைகூடா. கடைகள் பல காசுத்தாளை ஏற்பதுமில்லை. ஆகவே, பிறநாட்டிற் செல்லுபடியாகும் வங்கி அட்டையொன்றைக் கையிற் கொண்டு செல்லுதலும், நோய்க்காலத்தில் தம் காப்புறுதி எவ்வெவற்றை ஏற்கும் என்பதை முன்னரே கேட்டறிதலும் கடன்.

விடுதி வாழ்க்கை வேறொரு பாடமாகும். ஒரு நீண்ட நடையின் இருமருங்கும் தனித்தனி அறைகள். அவ்வறையினர் அனைவர்க்கும் பொதுவாய் ஒரு சமையலறை. உண்ட கலத்தை உடனே கழுவி வைத்தலும், பிறர் பொருளைத் தொடாதிருத்தலும் அங்கு எழுதாச் சட்டங்கள். ஆடை வெளுக்கும் அறையையும் நேரங் குறித்து முன்பதிவு செய்தே பயன்படுத்தல் வேண்டும். குறித்த நேரம் கடந்தபின்னும் இயந்திரத்தை விடாதிருப்பவர் அயலாரின் மதிப்பை விரைவில் இழப்பர். வாயிலிற் பாதணி கழற்றும் வழக்கம் மாத்திரம் நம்மவர்க்குப் புதிதன்று. பிளொக்ஸ்டா என்னும் மாணவர் குடியிருப்பில் இரவு 10 மணியானதும் பலகணிகளைத் திறந்து உரக்கக் கூவும் வழக்கமொன்று உண்டு. புதிதாய் வந்தவர் அதனைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. படிப்பின் களைப்பைத் தீர்க்க மாணவர் தாமே கண்ட மருந்து அது.

உணவைப் பொறுத்தவரை, சைவ உணவினர் இடர்ப்பட வேண்டியதில்லை. மரக்கறி உணவு அங்கு எளிதிற் கிடைக்கின்றது. ஆனால், வியாழக்கிழமைகளிற் பரிமாறப்படும் பட்டாணிக் கூழிற் பன்றியிறைச்சி சேர்ப்பது அந்நாட்டு மரபாதலின், கேட்டறிந்து உண்ணுதல் நன்று.

வகுப்பறையின் இயல்பும் வேறு. பல பாடங்களை ஒருங்கே பயிலாது, பெரும்பாலும் ஒரு பாடத்தைச் சில வாரம் பயின்று, சோதனை முடித்து, அடுத்ததற்குச் செல்வர். 10 மணி என நேரசூசியிற் கண்ட விரிவுரை 10.15க்கே தொடங்கும், இதனைக் 'கல்விக் கால்மணி' என்பர். அந்தக் கால்மணி கழிந்த பின்னர் வருவது தாமதமே. ஆசிரியரைப் பெயர்சொல்லி அழைப்பது நம் மாணவருக்கு மிகக் கூச்சந் தருவதொன்று. முற்காலத்தில் அந்நாட்டினரும் பட்டப்பெயரும் பதவிப்பெயருங் கூறியே விளித்தனர். 1967 ஆம் ஆண்டில், சுகாதார நிருவாகத்தின் தலைவராய் வந்த புரூர் ரெக்செட் தம் அலுவலர் அனைவரையும் 'நீ' என்றே அழைக்கப்போவதாய் அறிவித்தார். அக்காலத்தே அவ்வழக்கு நாடெங்கும் விரைந்து பரவிற்று. ஆதலின் அது மரியாதைக்குறைவு அன்று. ஆசிரியர் கூற்றை ஐயுற்று வினாவுதலும் அங்குக் குற்றமாகாது. வினாவாதிருத்தலே குறையாகக் கொள்ளப்படும்.

குளிரை நினைந்து பெற்றோர் பெரிதும் அஞ்சுவர். காலநிலையிற் குற்றமில்லை, ஆடையிலேதான் குற்றம் என்பது அந்நாட்டார் வழங்கும் மொழி. ஒன்றன்மேலொன்றாய் ஆடையணிந்து, ஏற்ற சப்பாத்தும் கையுறையும் கொண்டார்க்குக் குளிர் தாங்கத்தக்கதே. தாங்குதற்கு அரியது இருளாகும். டிசெம்பர் மாதத்தின் நடுக்கூற்றிற் பகல் ஏறக்குறைய 6 மணி நேரமே நிலவும். மாலை 3 மணிக்கு முன்னரே கதிரவன் மறைந்துவிடுவான். துவிச்சக்கரவண்டியில் முன்னும் பின்னும் விளக்கின்றிச் செல்லுதல் அவ்விருளிற் சட்டவிரோதமாகும். ஆண்டு முழுவதும் ஒரே அளவினதாய்ப் பகலைக் கண்டு வளர்ந்த நம்மவரை, காரணம் புலப்படாத ஒரு சோர்வு அக்காலத்தே வந்து பற்றும். தாம் படிப்புக்கு ஆகாதவரென்று அவர் மயங்குவர். உண்மையில் அது பருவத்தின் செயலேயாம். நண்பகல் வெளிச்சத்திற் சிறிது நேரமேனும் வெளியே உலாவுதல் அதற்கு நல்ல துணை.

அச்சோர்வைப் பெருக்குவது தனிமை. சுவீடிய மக்கள் அயலாரிடம் வலிந்து பேசார். பேருந்தில் வெற்றிடம் இருப்பின் பிறர் அருகில் அமரார். நம் ஊரிலோ புதியவரைக் கண்டால் எவ்வூர், எவர் மகன் என்று வினவுதலே அன்பின் அடையாளம். அவ்வினா எழாத இடத்தில் வெறுப்பு உளதென நம் மாணவர் எண்ணிவிடுகின்றனர். பிறர் தனிமையிற் புகாதிருத்தலே அவர் கண்ட மரியாதை என்பதை உணர்ந்தால் மனத்தாங்கல் பெரிதும் நீங்கும். அழைப்பை எதிர்பார்த்து அறையில் இராது, தாமே சென்று கலத்தல் வேண்டும்.

கலத்தற்கு வாயிலும் அங்கு உண்டு. உப்சாலாவில் 'நேஷன்' எனப்படும் மாணவர் சங்கங்கள் 13 உள. பண்டு ஒரே மாகாணத்திலிருந்து வந்த மாணவர் ஒருங்குகூடி அமைத்தவை இவை. ஊர்விட்டு வந்தோர் ஒருவர்க்கொருவர் துணையாதலே இவற்றின் தோற்றம். இன்று எந்நாட்டு மாணவரும் தாம் விரும்பிய சங்கத்திற் சேரலாம். பாடகர் குழு, நாடகம், விளையாட்டு, மலிவான மதிய உணவு யாவும் அங்குள. சமைப்போரும் பரிமாறுவோரும் மாணவரே. இருந்து உண்பவராய் மாத்திரம் செல்லாது, சமையற்கூடத்திற் கைகொடுப்பவராய்ச் செல்வோர் விரைவில் நண்பரைப் பெறுவர். கூடித் தொழில் செய்வாரிடையே பேச்சுத் தானே பிறக்கும். ஆங்கிலம் அங்குப் பெரும்பாலார்க்குத் தெரியுமாயினும், பல்கலைக்கழகம் நடாத்தும் தொடக்க வகுப்பிற் சுவீடிய மொழியைச் சிறிதளவாவது கற்றல் வேண்டும். 'பீக்கா' என அவர் கூறும் கோப்பி வேளையில் அச்சிறுமொழியே பெருந்துணையாகும்.

இவற்றையெல்லாம் ஓகஸ்ட் இறுதியிற் போய்ச் சேர்ந்த மாணவர், இருள் வருமுன் முதல் இரு திங்களிலேயே செய்துகொள்ளல் வேண்டும் என்பதே நாம் வற்புறுத்துவது. இருளில் நட்புத் தேடப் புறப்படுதல் அரிது. தேடிய நட்புடன் இருளைக் கடத்தல் எளிது. பிள்ளைகளின் மதிப்பெண்களை மாத்திரம் வினவும் பெற்றோரும், இன்று யாருடன் உண்டாய் என்று ஒருகால் கேட்பாராக. ஏப்பிரல் 30 ஆந் தேதி வசந்தத்தை வரவேற்கும் விழாவில், மாணவர் தாமே கட்டிய மிதவைகள் ஆற்றில் வர, பிற்பகல் 3 மணிக்கு நூலகத்தின் முன்பு ஆயிரக்கணக்கானோர் வெண்டொப்பிகளை உயர்த்தி ஆர்ப்பரிப்பர். அக்கூட்டத்தின் விளிம்பில் நின்று பார்ப்பவராயன்றி, அதனுள் ஒருவராய் நிற்கும் பேறு நம் மாணவர்க்கு வாய்ப்பதாகுக.