பழவேற்காட்டிலிருந்து குளிர்கடலுக்கு

பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவில் இருக்கும் குப்பங்களில் நீச்சலை யாரும் தனியாக உட்கார்த்திச் சொல்லிக்கொடுப்பதில்லை. லைட்ஹவுஸ் குப்பத்திலோ கூனங்குப்பத்திலோ வளரும் பிள்ளை, வலை இழுக்கவும் படகு தள்ளவும் பழகும்போதே நீந்தவும் பழகிவிடும். அப்படி வளர்ந்த ஒருவருக்கு நெடுந்தூரக் கடல் நீச்சலில், அதிலும் ஆங்கிலக் கால்வாய் போன்ற குளிர்ந்த கடலில் இறங்க ஆசை வந்தால் எங்கிருந்து தொடங்குவது? தூரத்தை இங்கேயே பழகிக்கொள்ளலாம். குளிரைத் தனியாகப் பழக வேண்டும். இரண்டும் வேறு வேறு பயிற்சிகள். முதலாவதில் தேறியவர் இரண்டாவதிலும் தானாகத் தேறிவிடுவார் என்று நம்புவதில்தான் ஆபத்து இருக்கிறது.

தமிழர்களுக்கு இந்த விளையாட்டு புதிதில்லை. 1954இல் இலங்கையின் தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி பாக் நீரிணையை நீந்திக் கடந்தார். 1971இல் வல்வெட்டித்துறைக்காரரான குமார் ஆனந்தன் அதே நீரிணையைப் போகவும் வரவுமாக 51 மணி நேரத்தில் நீந்தி முடித்தார். ஆழிக்குமரன் என்றே அவரை அழைத்தார்கள். ஈரோட்டில் பிறந்த குற்றாலீஸ்வரன் 1994இல், 12 வயதில், பாக் நீரிணையையும் ஆங்கிலக் கால்வாயையும் சேர்த்து ஒரே ஆண்டில் ஆறு கடல்வழிகளைக் கடந்தார். 1966இல் மிஹிர் சென் ஒரே ஆண்டில் ஐந்து கடந்ததுதான் அதுவரை இருந்த சாதனை. 1996ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது குற்றாலீஸ்வரனுக்குக் கிடைத்தது.

ஆழிக்குமரனின் கதை அப்படி முடியவில்லை. 1984 ஆகஸ்ட் 6ஆம் தேதி, ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்கும் முயற்சியில் அவர் உயிரிழந்தார். பாக் நீரிணையில் இரண்டு நாளுக்கு மேல் தண்ணீரிலேயே இருந்து மீண்டவர் அவர். ஆங்கிலக் கால்வாய்க்குப் போக நினைக்கும் தமிழ்ப் பிள்ளைகள் எல்லோரும் அவர் பெயரைத் தெரிந்துகொண்டு போக வேண்டும் என்று நினைக்கிறேன்.

இரண்டு கடல்களுக்கும் தூரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர். டோவர் கரையிலிருந்து பிரான்சின் கிரி நே முனைக்கு நேர்கோட்டில் சுமார் 33 கிலோமீட்டர். வித்தியாசம் எல்லாம் நீரின் சூட்டில்தான். நம் பக்கத்துக் கடல் ஆண்டு முழுவதும் 25 முதல் 30 டிகிரி வரை இருக்கும். ஆங்கிலக் கால்வாயில் நீச்சல் நடக்கும் கோடை மாதங்களிலேயே 15 முதல் 18 டிகிரிதான். உடல் முழுவதையும் மூடும் ரப்பர் உடைக்கும் அங்கே அனுமதியில்லை. சாதாரண நீச்சல் உடை, ஒரு தொப்பி, ஒரு கண்ணாடி, அவ்வளவுதான். 1875இல் மேத்யூ வெப் முதன்முதலாக 21 மணி 45 நிமிடத்தில் கடந்த காலத்திலிருந்து அந்த வழக்கம் பெரிதாக மாறவில்லை. உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும் கொழுப்பும் வாஸ்லினும் குளிரைத் தடுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அது அக்குளிலும் கழுத்திலும் தோல் உரசிப் புண்ணாகாமல் காக்கும். சூட்டைக் காப்பதில் அதற்குப் பெரிய பங்கில்லை.

தண்ணீர் உடலின் சூட்டைக் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகக் கடத்திக்கொண்டு போகிறது. இதைப் பழவேற்காட்டுக்காரர்களுக்குப் புத்தகம் வைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஓலைப் பறியை வாயில் கவ்விக்கொண்டு, மார்பளவுத் தண்ணீரில் மணிக்கணக்காகச் சேற்றைத் தடவி இறால் பிடிக்கும் பெண்களுக்கு அது தெரியும். 28 டிகிரித் தண்ணீர் இறங்கும்போது இதமாக இருக்கும். மூன்று நான்கு மணி நேரம் போனால் உதடு நடுங்கும். அசையாமல் நிற்கும் உடம்பு சூட்டை இழக்காமல் இருக்க, நீர் 33 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். ஆக, பாக் நீரிணையிலும் நீந்துபவர் குளிரை எதிர்கொள்கிறார். அங்கே அது மெதுவாக வேலை செய்கிறது, அவ்வளவுதான்.

15 டிகிரிக்குக் கீழே அது மெதுவாக வேலை செய்யாது. முதல் அடி மூச்சின் மேல் விழும். குளிர்நீர் தோலில் பட்டதும் நம்மைக் கேட்காமலே ஒரு பெரிய மூச்சு உள்ளே இழுபடும். அந்த நொடியில் வாய் தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீர்தான் உள்ளே போகும். பிறகு மூச்சு இரைக்கும், இதயம் தாறுமாறாக ஓடும். இது இரண்டு மூன்று நிமிடத்தில் அடங்கிவிடும். குளிர்நீரில் மூழ்கிப் போகிறவர்களில் பலர் உடல் உறைந்து சாவதில்லை. இந்த முதல் சில நிமிடங்களிலேயே போய்விடுகிறார்கள். நல்ல நீச்சல்காரர்களும் இதில் அடக்கம்.

அடுத்தது கைகால். பத்து நிமிடத்திலிருந்து அரை மணிக்குள் விரல்கள் விறைத்து, சேர்த்துப் பிடிக்க முடியாமல் விரிந்துகொள்ளும். தண்ணீரைப் பிடித்துத் தள்ள வேண்டிய கை வெறுமனே தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும். உடலின் உட்சூடு இறங்குவது அதற்கும் பிறகுதான். 37 டிகிரியில் இருக்க வேண்டியது 35க்குக் கீழே போனால் பேச்சு குழறும், யோசனை மங்கும், தான் நன்றாக இருப்பதாகவே தோன்றும். ஒல்லியானவர்களுக்கும் சிறுவர்களுக்கும் இது சீக்கிரம் வரும். குற்றாலீஸ்வரன் 12 வயதில் செய்ததை இன்று செய்ய முடியாது. ஆங்கிலக் கால்வாயைத் தனியாகக் கடக்க இப்போது குறைந்தது 16 வயது ஆகியிருக்க வேண்டும். நல்ல விதி அது. பிள்ளையின் பெயரில் சாதனை தேடும் பெற்றோர் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

இனிப் பயிற்சிக்கு வருவோம். தூரத்துக்குப் பழவேற்காடு நல்ல இடம். ஏரியின் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். தொடக்கக்காரர் களைத்தால் பெரும்பாலான இடங்களில் எழுந்து நிற்கலாம். நிற்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் சேற்றில் தேய்த்துத் தேய்த்து நகர வேண்டும். திருக்கை படுத்திருந்தால் விலகிப் போகும். வலை கட்டியிருக்கும் இடத்தில் நீந்தக் கூடாது. எந்த ஊருக்கு எந்த நாளில் எந்த இடத்தில் மீன்பிடிப் பாடு என்பது அங்கே முறை வைத்து நடக்கும் விஷயம்; ஊர்ப் பெரியவர்களைக் கேட்காமல் இறங்குவது அவர்கள் பிழைப்பின் மேல் நீந்துவதாகிவிடும். முகத்துவாரத்தில் பயிற்சியே வேண்டாம். தண்ணீர் வற்றும் நேரத்தில் ஏரி முழுவதும் அந்தக் குறுகிய வாய் வழியாகக் கடலுக்கு ஓடும். எந்தக் கையும் அதை எதிர்த்து நிற்காது.

ஏரியில் ஓரிரு மணி நேரம் சலிப்பில்லாமல் நீந்த வந்துவிட்டால் கடலுக்குப் போகலாம், பக்கத்தில் படகோடு. தெற்கிலிருந்து வடக்கே ஓடும் தெண்டி நீரோட்டத்தையும் வடக்கிலிருந்து தெற்கே ஓடும் வன்னி நீரோட்டத்தையும் பார்த்தவுடன் சொல்லும் ஆட்கள் இந்தக் குப்பங்களில் இருக்கிறார்கள். அந்த அறிவு விலைமதிப்பற்றது. ஆங்கிலக் கால்வாயில் ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை நீரோட்டம் திசை மாறுவதால் யாரும் நேர்கோட்டில் போவதில்லை. வளைந்து வளைந்து, 33 கிலோமீட்டரைவிட அதிகமாகவே நீந்துகிறார்கள். நீரோட்டத்தோடு சண்டை போடாமல் அது கொண்டுபோகும் பக்கத்தைக் கணக்கில் வைத்து நீந்துவதை ஒரு கட்டுமரக்காரரிடம் கற்றுக்கொள்வதுபோல் நீச்சல் குளத்தில் கற்றுக்கொள்ள முடியாது. வாரத்தில் ஒரு நாள் நீண்ட நீச்சல், மற்ற நாட்களில் சின்னச் சின்ன நீச்சல்கள் என்று வைத்து, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். கடைசிக் கட்டத்தில் வாரத்துக்கு 30 கிலோமீட்டர் அளவுக்கு நீந்துகிறவர்கள் உண்டு. இருட்டில் நீந்தியும் பழக வேண்டும். 12 மணி நேரம், 15 மணி நேரம் ஆகிற நீச்சலில் இரவைத் தவிர்க்க முடியாது. இரவுப் பயிற்சியில் படகும் விளக்கும் இல்லாமல் ஒரு கை வீச்சுகூடக் கூடாது.

குளிருக்கு எங்கே போவது? மீன்பிடி ஊரில் ஐஸுக்குப் பஞ்சமில்லை என்பது இங்கே கை கொடுக்கும். ஆள் உட்காரும் அளவுள்ள தொட்டியில் 200 லிட்டர் தண்ணீர் 30 டிகிரியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை 15 டிகிரிக்கு இறக்க ஏறக்குறைய 32 கிலோ ஐஸ் வேண்டும். வெயில் நேரமானால் இன்னும் கொஞ்சம். ஆனால் முதல் நாளே 15க்குப் போக வேண்டாம். 20இல் தொடங்கி, நாள் விட்டு நாள், ஒவ்வொரு டிகிரியாக இறக்கலாம். கையில் ஒரு வெப்பமானி இருக்க வேண்டும். முங்கக் கூடாது, கழுத்துவரை மெதுவாக உட்கார்ந்து, இரண்டு மூன்று நிமிடம் மூச்சை நீளமாக வெளியே விட்டுவிட்டு எழுந்துவிட வேண்டும். ஆய்வுகளில் தெரியவந்த வியப்பான செய்தி இது: இப்படி ஐந்தாறு முறை குளிர்நீரில் இருந்தாலே அந்த முதல் மூச்சுத் திணறல் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது, அந்தப் பழக்கம் மாதக்கணக்கில் உடம்பில் தங்குகிறது.

இந்த இடத்தில் பலர் தவறான முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். மூச்சு அடங்கப் பழகியதால் குளிரை வென்றுவிட்டதாக நினைக்கிறார்கள். தொட்டி பழக்கிக் கொடுப்பது முதல் மூன்று நிமிடத்தை மட்டும்தான். மணிக்கணக்கில் உட்சூட்டைக் காப்பாற்றிக்கொள்ளும் திறனைக் குளிர்நீரில் மணிக்கணக்கில் நீந்தித்தான் பெற முடியும். அதோடு, குளிருக்குப் பழகிய உடம்பு தாமதமாக நடுங்கும், குளிர் உறைக்காது. உறைக்காததால் உட்சூடு இறங்கவில்லை என்று பொருளில்லை. பழகியவர் சுகமாக உணர்ந்துகொண்டே ஆபத்துக்குள் போகலாம். அதனால்தான் ஆங்கிலக் கால்வாய் நீச்சலை நடத்தும் சங்கங்கள், 16 டிகிரி அல்லது அதற்கும் குறைவான நீரில் ஆறு மணி நேரம் நீந்திக் காட்டியவரையே ஏற்றுக்கொள்கின்றன. தமிழ்நாட்டுக் கடலில் எந்த மாதத்திலும் அந்த நீர் கிடைக்காது. நாள் குறித்த நீச்சலுக்குப் பல வாரம் முன்பே போய், டோவர் துறைமுகத்துக்குள் ஒரு மணி, இரண்டு மணி என்று ஏற்றிப் பழகுவதைத் தவிர வேறு வழியில்லை. செலவுக் கணக்குப் போடும்போது விமான டிக்கெட்டுக்கும் படகு வாடகைக்கும் பணம் ஒதுக்கிவிட்டு இந்த வாரங்களை வெட்டிவிடும் எண்ணம் வரும். படகோட்டிக்குக் கொடுக்கும் காசுக்குச் சமமாக இதற்கும் ஒதுக்க வேண்டும். முடியாவிட்டால் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைப்பதே மேல்.

உடம்பில் கொஞ்சம் சதை இருப்பது நல்லது. ஓட்டக்காரர்போல் வற்றிப்போன உடம்பு குளிர்நீரில் தாங்காது. பயிற்சிக் காலத்தில் சில கிலோ ஏற்றிக்கொள்வது இந்த விளையாட்டில் வழக்கம். நீரில் இருக்கும்போது அரை மணி அல்லது முக்கால் மணிக்கு ஒருமுறை வெதுவெதுப்பான, இனிப்பான, நீர்த்த உணவு வேண்டும். வெளிநாட்டு மாவுப் பொடிதான் என்றில்லை, வயிற்றுக்குப் பழகிய கஞ்சியில் சர்க்கரை கலந்தும் கொடுக்கலாம். ஆனால் அதைப் பயிற்சியிலேயே குடித்துப் பார்த்திருக்க வேண்டும். கயிற்றில் கட்டிய பாட்டிலை வீசுவார்கள். நீந்துபவர் மிதந்தபடியே குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். படகைத் தொட்டால் நீச்சல் அத்துடன் முடிந்தது. நின்றுகொண்டிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் உடம்பு ஆறும். ஆகவே அதையும் சீக்கிரம் முடிக்கப் பழக வேண்டும்.

படகில் இருப்பவருக்கும் பயிற்சி தேவை. நிமிடத்துக்கு எத்தனை கை வீச்சு என்று அவர் தொடக்கத்திலிருந்தே எண்ணிக் குறித்துக்கொண்டு வர வேண்டும். 60 வீசிக்கொண்டிருந்தவர் 50க்கு இறங்கினால், உடம்பு கோணினால், கேட்ட கேள்விக்குப் பதில் குழறினால் அல்லது எரிச்சலாக வந்தால், உட்சூடு இறங்குகிறது. அம்மா பெயர் என்ன, இன்று என்ன கிழமை என்று கேட்டுக்கொண்டே இருக்கலாம். "போதும், ஏறு" என்று சொல்லும் அதிகாரம் அவருடையது என்பதைக் கரையிலேயே, நீந்துபவரின் தெளிந்த வாயால் ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும். தண்ணீரில் இருப்பவரின் புத்தி அப்போது நம்பத் தகுந்ததாக இருக்காது; "இன்னும் கொஞ்சம்தான் அண்ணே" என்று அவர் கெஞ்சத்தான் செய்வார்.

ஏறிய பிறகும் கவனம் வேண்டும். நீரைவிட்டு வந்த பின் அரை மணி வரைகூட உட்சூடு இறங்கிக்கொண்டே போகும். வெந்நீரில் குளிக்க வைக்கக் கூடாது, கைகாலைத் தேய்த்துவிடக் கூடாது, நடக்க விடக் கூடாது, சாராயம் கூடவே கூடாது. இவை எல்லாம் தோலுக்கும் கைகாலுக்கும் ரத்தத்தைத் திருப்பி, குளிர்ந்த ரத்தத்தை நெஞ்சுக்கு அனுப்பும். ஈர உடையை உடனே கழற்றி, துவட்டி, தலையையும் சேர்த்து அடுக்கடுக்காகப் போர்த்தி, படுக்க வைக்க வேண்டும். தெளிவாகப் பேசினால் இனிப்பான இளஞ்சூட்டுப் பால் கொடுக்கலாம். நடுக்கம் நல்லது, உடம்பு தானே சூட்டை உண்டாக்குகிறது. நடுக்கம் நின்று, பேச்சும் மந்தமானால் காத்திருக்காமல் அவசர உதவியை (நம் ஊரில் 108ஐ) அழைக்க வேண்டும்.

ஐஸ் தொட்டியில் உட்காருவதற்கு முன்பே இதய மருத்துவர் ஒருவரைப் பார்த்து ஈசிஜி எடுத்துக்கொள்ளுங்கள். ரத்த அழுத்தம், ஆஸ்துமா, வலிப்பு, குடும்பத்தில் இளம் வயது இதய நோய் ஆகியவற்றில் எது இருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். தொட்டியில் உட்காரும்போது பக்கத்தில் ஒருவர் கட்டாயம் இருக்கட்டும், இரண்டே நிமிடம்தான் என்றாலும்.