வண்ணத்துப்பூச்சி மீனுக்கு என்ன தீவனம்?

கடல்நீர்த் தொட்டி வைப்போர் கவனத்துக்கு

நெமிலி, பனப்பாக்கம், அரக்கோணம் பகுதியில் ஏரி மீன் வளர்ப்பு பழகிய தொழில். வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் தங்கமீன், கப்பி, மோலி வளர்ப்போரும் உண்டு. வண்ண மீன் வாங்கச் சென்னை கொளத்தூர் வரை போய் வருவோர், கடல் மீன் தொட்டியைக் கண்டால் நின்றுவிடுவார்கள். அதிலும் தட்டு போன்ற தட்டை உடலும் மஞ்சள், வெள்ளை, கறுப்பு வரிகளும் கொண்ட வண்ணத்துப்பூச்சி மீன் எவரையும் இழுக்கும். ஆனால் ஆசையோடு வாங்கிவந்த மீன் சில வாரங்களில் முதுகு ஒட்டி, வயிறு உள்வாங்கிச் செத்துப்போவதும் அடிக்கடி நடக்கிறது. பல சமயம் இதற்குக் காரணம் பட்டினி. ஆகவே தொட்டி வாங்கும் முன்பே தீவனத்தைப் பற்றித் தெரிந்துகொள்வது நல்லது.

வளர்க்கக் கூடியவை, கூடாதவை

இக்குடும்பத்தில் உலகெங்கும் சுமார் 130 இனங்கள் உள்ளன. நம் மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளிலும் பல இனங்கள் வாழ்கின்றன. இவற்றில் ஒரு பிரிவு உயிருள்ள பவளத்தை மட்டுமே கொறித்து வாழ்வது. மஞ்சள் உடலில் எட்டுக் கறுப்புக் கோடுகள் கொண்ட கீட்டோடான் ஆக்டோபேசியேட்டஸ் அத்தகையது. கீட்டோடான் டிரைபேசியேட்டஸ் என்பதும் அப்படியே. இவற்றுக்கு இறாலையும் மட்டியையும் நாள் முழுக்கக் காட்டினாலும் பெரும்பாலும் தொடுவதில்லை. எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் இவற்றை வாங்கவேண்டாம்.

புழு, சிறு இறால், பாசி என்று பலவும் தின்னும் இனங்களே வீட்டுத் தொட்டிக்கு ஏற்றவை. முதுகுத் துடுப்பிலிருந்து நூல் போல இழை நீளும் கீட்டோடான் ஆரிகா, பின்பாதி கறுத்திருக்கும் கீட்டோடான் டெகுசேட்டஸ், வெள்ளைக் கொடி போல நீண்ட துடுப்புள்ள ஹெனியோகஸ் அகுமினேட்டஸ் ஆகியவை ஓரளவு எளிதில் பழகும். நீண்ட மூக்குடைய செல்மான் ராஸ்ட்ரேட்டஸ் அழகானது; ஆனால் தீவனம் எடுக்க மிகவும் அடம்பிடிக்கும். புதியவர்கள் அதைத் தவிர்ப்பது நலம்.

கடைக்காரரிடம் ஒன்று கேளுங்கள்: "என் கண் முன்னால் தீவனம் போட்டுக் காட்டுங்கள்." தின்னாத மீனை வாங்கக் கூடாது. கண்ணுக்கு மேலே தலை குழிந்திருந்தாலும், மூச்சு வேகமாக வாங்கினாலும் அம்மீன் வேண்டாம்.

நம் ஊர்த் தண்ணீர் உதவுமா?

"எங்கள் கிணறே உப்புத்தானே, அதையே ஊற்றினால் என்ன?" என்று கேட்போர் உண்டு. கூடாது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் தோல் ஆலைக் கழிவால் நிலத்தடி நீர் கெட்ட கதையும், அவ்வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் ஊரறிந்தவை. கிணற்று உப்பு வேறு, கடல் உப்பு வேறு. கடல்நீரில் சோடியம் குளோரைடுடன் மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், சல்பேட் முதலியனவும் குறிப்பிட்ட விகிதத்தில் கலந்துள்ளன.

தோலுக்குப் போடும் கல் உப்பும் உதவாது. உப்பளத்தில் உப்பு விளையும்போது மக்னீசியத்தின் பெரும்பகுதி கசப்பு நீரிலேயே தங்கிவிடுகிறது. எனவே மீன் தொட்டிக்கென்று தயாரித்த கடல் உப்புக் கலவையை வாங்கி, ஆர்.ஓ. முறையில் சுத்தம் செய்த நீரில் கரைக்கவேண்டும். லிட்டருக்குச் சுமார் 35 கிராம் தேவை. ஹைட்ராமீட்டரில் அடர்த்தி 1.023 முதல் 1.025 வரை இருக்கவேண்டும். கார அமில நிலை 8.1 முதல் 8.4 வரையும், வெப்பம் 25 முதல் 27 டிகிரி வரையும் இருப்பது உகந்தது.

தொட்டி 5 அடி நீளம், 2 அடி அகலம், 1½ அடி உயரம் இருந்தால் சுமார் 425 லிட்டர் கொள்ளும். இதற்குக் குறைந்தால் ஓர் அடி நீளத்துக்குச் சற்றுக் குறைவாக வளரும் மீனுக்கு இடம் போதாது. தண்ணீர் மட்டுமே 400 கிலோவுக்கு மேல் கனக்கும். தாங்கும் மேசை உறுதியாக இருக்கவேண்டும்.

நம் பகுதியில் சித்திரை, வைகாசி வெயில் 40 டிகிரியைத் தாண்டும். குளிர்விக்கும் கருவி இல்லாமல் கோடையைக் கடப்பது கடினம். நீர் ஆவியாகும்போது உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். ஆகவே குறைந்த அளவுக்கு நன்னீரையே ஊற்றவேண்டும். உப்பு நீரை ஊற்றினால் உப்பு ஏறிவிடும். மின்சாரம் நின்றால் காற்று செலுத்த பாட்டரி பம்பு ஒன்று கைவசம் இருக்கட்டும்.

வயலில் நடப்பதுதான் தொட்டியிலும்

யூரியா இட்ட வயலில் அது அம்மோனியாவாகி, பின் நைட்ரைட்டாகி, முடிவில் நைட்ரேட்டாக மாறுவதை விவசாயிகள் அறிவர். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் செய்யும் வேலை அது. தொட்டியிலும் மீன் கழிவு அம்மோனியாவாகிறது. அதை மாற்றும் நுண்ணுயிர்கள் வடிகட்டியிலும் கல்லிலும் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். உரித்த இறால் துண்டு ஒன்றைப் போட்டு அழுகவிட்டால் நுண்ணுயிர்களுக்கு உணவு கிடைக்கும். சோதனைப் பெட்டியில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்டிய பிறகே மீன் விடவேண்டும். இந்த ஒரு மாதப் பொறுமை இல்லாதவர்கள் கடல் மீன் பக்கம் போகாமல் இருப்பதே மேல்.

தீவனம் கொடுக்கும் முறை

கடலில் இம்மீன் விடிந்தது முதல் பொழுது சாயும் வரை பாறை இடுக்குகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொத்தித் தின்னும். ஒரே வேளையில் அள்ளிப்போட்டால் அதற்கு ஒத்துவராது. நாளைக்கு மூன்று அல்லது நான்கு முறை, இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே போடவேண்டும். மிஞ்சியதை உடனே உறிஞ்சி எடுத்துவிடவேண்டும்.

புதிதாக வந்த மீனுக்கு ஓடு திறந்த மட்டியை அப்படியே தொட்டியில் வைக்கலாம். சதை ஓட்டோடு ஒட்டியிருப்பதால், பாறையில் கொத்துவது போலவே வந்து கொத்தும். ஆர்டீமியா என்னும் உயிருள்ள உப்புநீர்ச் சிற்றிறாலும் ஆசையைத் தூண்டும். பழகியபின் இறால், கணவாய், மட்டிச் சதை ஆகியவற்றை நன்கு கழுவி, பொடியாக நறுக்கி, கொஞ்சம் கடற்பாசி சேர்த்து அரைத்து, கல்லின் துளைகளில் அப்பி வைக்கலாம். சென்னையிலிருந்து ஒருமுறை வாங்கி வந்து, சிறு பொட்டலங்களாகக் கட்டி உறைய வைத்தால் சில வாரங்களுக்கு வரும்.

மட்டியை மட்டுமே தொடர்ந்து கொடுக்கக்கூடாது. பச்சை மட்டியில் உள்ள ஒரு நொதி, உயிர்ச்சத்து பி-1-ஐ அழித்துவிடும். தீவனத்தை மாற்றி மாற்றிக் கொடுப்பதே வழி. மாட்டு ஈரல், சோறு, பொரி போன்றவை வேண்டாம். பலமுறை தீவனம் போடுவதால் நீர் விரைவில் கெடும்; இரு வாரத்துக்கு ஒருமுறை 40 முதல் 60 லிட்டர் வரை புது உப்பு நீர் மாற்றவேண்டும்.

வாங்கிய மீனை நான்கு வாரம் தனித் தொட்டியில் வைத்துக் கவனித்தபின் பெரிய தொட்டியில் விடுக. வெண்புள்ளி நோய் அங்கேயே வெளிப்பட்டுவிடும். செம்பு மருந்தை அளவுகருவி இல்லாமல் ஊற்றுவது மீனைக் கொல்லும்.

சட்டத்தையும் அறிக

ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளைச் சேர்த்து 1986-ல் மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. 2001-ல் பாறை கட்டும் பவளங்கள் யாவும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அழகுக்காகக்கூடப் பவளத் துண்டை வாங்கி வைப்பது குற்றம். தொட்டிக்குச் சாதாரணச் சுண்ணாம்புக் கல்லோ, சுட்ட மண் கல்லோ போதும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல் சூடேறி மன்னார் வளைகுடாப் பவளங்கள் வெளுத்துப்போயின. பவளம் குறைந்தால், அதையே நம்பிய மீனும் குறையும்.

வருமானத்துக்கு ஏற்றதா?

வண்ணத்துப்பூச்சி மீனை வீட்டில் குஞ்சு பொரிக்கவைத்து விற்க முடியாது. அதன் இளம் குஞ்சுகள் வாரக்கணக்கில் நடுக்கடலில் மிதந்து வளர்பவை. கடையில் கிடைப்பவை பெரும்பாலும் கடலில் பிடித்தவையே. தொழிலாகச் செய்ய விரும்புவோருக்குக் கொளத்தூர்காரர்கள் வளர்க்கும் நன்னீர் இனங்களே கைகொடுக்கும். கடல் மீன்தான் வேண்டுமென்றால் பண்ணையில் பொரித்த கோமாளி மீனில் தொடங்கலாம். மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீன் குஞ்சு உற்பத்தியில் தேர்ச்சி பெற்றவை. கோமாளி மீன் தூள் தீவனத்தையும் தயங்காமல் எடுக்கும்.

அதை ஓராண்டு குறையில்லாமல் வளர்த்து, ஒரு கோடையையும் தாண்டியவர்கள், பிறகு ஒரே ஓர் ஆரிகா மீனை வாங்கிப் பார்க்கலாம். வாங்கும் நாளில் குளிர்பெட்டியில் மட்டியும் இறாலும் தயாராக இருக்கட்டும்.