ஒரு கை ஒட்டினால் போதாது

இறால் தொக்கு சாப்பிட்ட சில நிமிடங்களிலேயே சிலருக்கு உதடு வீங்கும். உடம்பெல்லாம் காணாக்கடி போலத் தடித்துச் சிவக்கும். பெரும்பாலும் இதற்குக் காரணம் இறாலின் தசையில் உள்ள ட்ரோப்போமயோசின் என்ற புரதம். சூட்டுக்கு அசராத புரதம் அது. அதனால் ‘நன்றாகத்தானே வேகவைத்தோம்’ என்பது இங்கே செல்லாது. ஆனால் இந்தப் புரதத்திலிருந்து, ஒரே ஓர் இடத்தில் மட்டும் ஒட்டக்கூடிய சிறு துண்டை வெட்டியெடுத்து அதே ஆளின் செல்களில் விட்டால், துண்டு போய் ஒட்டிக்கொள்ளும். அவ்வளவுதான், தடிப்பு எதுவும் வராது.

ஒட்டியும் ஏன் வரவில்லை? அதற்கு மாஸ்ட் செல்லின் மேற்பரப்பைப் பார்க்க வேண்டும். தோலிலும் குடலிலும் மூச்சுக்குழாய்ச் சுவரிலும் காவலுக்கு இருப்பவை இந்தச் செல்கள். 1878இல் இவற்றை விவரித்த பால் எர்லிக், உள்ளே நிறைந்திருந்த மணிகளைப் பார்த்து, தின்று கொழுத்த செல் என்ற பொருளில் பெயர் வைத்தார். அந்த மணிகளில் இருப்பது தீனி அல்ல, ஹிஸ்டமின் முதலான ரசாயனங்கள். செல்லின் மேலே லட்சக்கணக்கான ஏற்பிகள். ஒவ்வொரு ஏற்பியும் ஐஜிஇ என்ற எதிர்ப்பொருள் ஒன்றின் அடிப்பகுதியைக் கவ்விக்கொண்டிருக்கும். ஐஜிஇயின் இரண்டு கைகளும் வெளியே நீட்டியபடி இருக்கும்.

இந்த ஏற்பிகளைச் சுவரில் அடித்த ஆணிகளாகக் கற்பனை செய்வதுதான் பலரும் செய்யும் பிழை. பாடப்புத்தகப் படங்களும் அப்படித்தான் காட்டுகின்றன. உண்மையில் செல் சவ்வு ஐந்து நானோமீட்டர் தடிமனில் கொழுப்பு மூலக்கூறுகளாலான ஒரு திரவப் படலம். 1970இல் ஃப்ரை, எடிடின் என்ற இருவர் ஒரு சுண்டெலி செல்லையும் ஒரு மனித செல்லையும் ஒன்றாக இணைத்தார்கள். ஒன்றின் மேற்பரப்புப் புரதங்களுக்குப் பச்சை ஒளிர்சாயம், மற்றதுக்குச் சிவப்பு. இணைந்தவுடன் பாதி பச்சை, பாதி சிவப்பு. 40 நிமிடங்களில் இரண்டும் முழுக்கக் கலந்துவிட்டன. குளிரில் வைத்தபோது கலக்கவில்லை. எண்ணெய் உறைவது போலச் சவ்வும் இறுகிவிட்டது.

ஆகவே ஆணிகளை மறந்துவிட்டு, துறைமுகத்தில் நங்கூரமில்லாமல் மிதக்கும் படகுகளை நினைத்துக்கொள்ளலாம். இரு முனையிலும் கொக்கி உள்ள ஒரு கயிறு மேலிருந்து விழுகிறது. முதல் கொக்கி ஒரு படகில் மாட்டுவது கடினமான வேலை; பரந்த வெளியில் தற்செயலாக நடக்க வேண்டும். மாட்டிய பிறகு நிலைமை வேறு. மறு கொக்கி இனி வானத்தில் அலையாது, நீர்மட்டத்திலேயே தொங்கும். பக்கத்துப் படகு மிதந்து அருகே வந்தால் போதும். இறால் புரதத்துக்கும் இப்படித்தான். அதன் ஓர் இடத்தை ஓர் ஐஜிஇ பிடித்ததும், இரண்டாவது ஐஜிஇயைத் தேடி அது எங்கும் போக வேண்டாம். ஏற்பியோடு சேர்ந்து அதுவே நகர்ந்து வரும்.

இரண்டு பிடிகளின் பலம் ஒரு பிடியின் பலத்தைப் போல இரு மடங்கு அல்ல, அதைவிடப் பல மடங்கு. மூலக்கூறுகளின் பிடி எல்லாமே விட்டு விட்டுப் பிடிக்கும் பிடிதான். ஒற்றைப் பிடி என்றால் விட்ட கணமே மூலக்கூறு கழன்று ஓடிவிடும். இரண்டில் ஒன்று விட்டால் மற்றது தாங்கும். விட்ட ஏற்பி அருகிலேயே இருப்பதால் மறுபடி மாட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகம். ஆனால் மிதக்கும் ஏற்பி விலகியும் போகலாம். துணையைக் கொண்டுவந்து சேர்க்கும் அதே ஓட்டம் பிரித்துவிடவும் செய்யும். இந்த இழுபறியால்தான், ஏற்பிகள் அடர்த்தியாக உள்ள சவ்வில் பிடிப்பு திடீரென்று எகிறுகிறது.

சரி, இரண்டு ஏற்பிகள் பக்கத்தில் வந்தால் செல்லுக்கு என்ன? ஏற்பியின் உள்வாலில் ஒரு நொதி பாஸ்பேட் அடையாளம் ஒன்றை வைக்கிறது. தனித்து அலையும் ஏற்பி என்றால் வேறு நொதிகள் அதை உடனே அழித்துவிடும். இணைந்த ஏற்பிகளில் அடையாளம் நிலைக்கிறது. அடுத்தடுத்த புரதங்கள் அங்கே வந்து ஒட்டி, கால்சியம் பெருகி, மணிகள் வெளியே கொட்டுகின்றன. தூண்டுவதற்குப் பெரிய கூட்டம்கூடத் தேவையில்லை. இரண்டு ஐஜிஇகளைச் செயற்கையாகப் பிணைத்துச் செல்லில் விட்டாலே ஹிஸ்டமின் வெளிவரும் என்று 1977இல் காட்டினார்கள். இறால் துண்டு ஏன் தோற்றது என்பது இப்போது புரிந்திருக்கும். ஒரே கொக்கி உள்ள கயிறு படகில் தொங்கும், ஆனால் படகுகளைக் கட்டாது.

எனக்கு மிகவும் பிடித்த விசித்திரம் இனிமேல்தான். கொக்கிக் கயிறுகளைக் கணக்கில்லாமல் கொட்டினால் என்ன ஆகும்? எல்லாப் படகிலும் ஏற்கனவே தனித்தனிக் கயிறு மாட்டியிருக்கும். மறு கொக்கிக்குக் காலி இடமே கிடைக்காது. கண்ணாடிக் குழாயில் உள்ள செல்களுக்கு அலர்ஜிப் பொருளின் அளவை ஏற்றிக்கொண்டே போனால் ஹிஸ்டமின் முதலில் கூடி, உச்சத்தைத் தொட்டு, பிறகு இறங்குகிறது. வரைபடம் மணி வடிவில் இருக்கும்.

இதைப் படித்துவிட்டு, இறாலை நிறையத் தின்றால் தப்பித்துவிடலாம் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். கண்ணாடிக் குழாயில் அளவு ஒரே சீராக இருக்கும், உடம்பில் அப்படி இருக்காது. வயிற்றிலிருந்து ரத்தத்துக்கு ஏறும் வழியில் ஆபத்தான அந்த நடு அளவைக் கடந்தே ஆக வேண்டும். ஆய்வகத்தில் இந்த மணி வடிவம் வேறு விதமான தலைவலி. மாஸ்ட் செல்களைப் போலவே இயங்கும், ரத்தத்தில் உள்ள பேசோபில் செல்களை வைத்து அலர்ஜியைச் சோதிப்பவர்கள், ஒரே அளவில் பார்த்துவிட்டு ‘அலர்ஜி இல்லை’ என்று எழுதிவிட முடியாது. அந்த அளவு மணியின் எந்தச் சரிவில் விழுந்தது என்று தெரியாதே. அதனால் மிகக் குறைவிலிருந்து அதிகம் வரை பல அளவுகளில் வைத்துப் பார்க்கிறார்கள்.