ஐஸில் வைக்கும் முட்டை

தாய்மாரே, கோழி நிறைய முட்டையிடும் நாட்களில் சிலர் அப்படியே பிரீசரில் போட்டு விடுகிறார்கள். பிள்ளைகளுக்கென்று ஒரு லயத்தில் வைத்த பத்து முட்டையும் வெடித்து வீணானதை நாங்கள் கண்டோம். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. உள்ளே இருப்பது உறையும்போது பெருக்கும், ஓடு தாங்காது.

உடைத்து ஊற்றி, ஐந்தாறு முட்டைக்கு அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டு, நுரைக்காமல் அடித்து, மூடியுள்ள சின்னப் பாத்திரங்களில் மேலே கொஞ்சம் இடம் விட்டு வையுங்கள். சும்மா வைத்தால் மஞ்சட்கரு களி மாதிரி இறுகிவிடும், அப்புறம் கரையாது.

முதல்நாள் இரவே பிரிட்ஜின் கீழ்த்தட்டில் இறக்கினால், காலையில் பெரட்டுக்குப் போகுமுன் ஒம்லட் போடலாம். நன்றாக வேகட்டும். கரண்ட் போய் இளகினால், குளிர் விடுமுன்னே சமைத்து விடுங்கள். திரும்ப உறைய வைக்க வேண்டாம்.