சிவப்புக்கு ஒரு சொட்டு, அரிப்புக்கு வேறொரு சொட்டு

ஏற்காட்டில் கண் அரிப்பதற்குக் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் 1820களில் காப்பியைக் கொண்டுவந்த மலை இது. பழம் பறித்து, உலர்த்தி, தோல் நீக்கும் பருவத்தில் பச்சைக் காப்பிக்கொட்டைத் தூசு பறக்கிறது. இந்தத் தூசு ஒவ்வாமையைக் கிளப்பும் என்பது பல நாட்டுக் காப்பித் தொழிலாளர்களிடம் பதிவாகியிருக்கிறது. மழையும் பனிமூட்டமும் சேர்ந்தால் வீட்டுச் சுவரில் பூஞ்சை படர்கிறது. வெயில் காணாத கம்பளியில் தூசிப்பூச்சி பெருகுகிறது. மே மாதக் கோடை விழாவுக்கு மலையேறி வருகிறவர்களுக்கோ மகரந்தமும் சாலைப் புழுதியும்.

ஒவ்வாத பொருள் பட்டதும் கண்ணின் மேல்சவ்வில் இருக்கும் மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமினை வெளியேற்றுகின்றன. அது நரம்பைத் தூண்டுவதால் அரிப்பு. ரத்தக்குழாய்களை விரிப்பதால் சிவப்பு. பெரும்பாலும் இரண்டு கண்ணிலும் வரும், நீராக வடியும்.

“அண்ணா, கண்ணு செவந்து அரிக்குதுங்க, சொட்டு மருந்து ஒண்ணு குடுங்க” என்று மருந்துக்கடையில் கேட்டால், கைக்கு வருவது மூன்று வகைகளில் ஏதாவது ஒன்றாக இருக்கலாம். எது என்பதைப் பெட்டியில் பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயர்தான் சொல்லும்.

நாஃபசோலின், டெட்ராஹைட்ரோசோலின் என்று இருந்தால் அது சிவப்பைப் போக்கும் மருந்து. விரிந்த ரத்தக்குழாயைச் சுருக்கிவிடும். சில நிமிடங்களில் கண் வெளுத்துவிடும். கற்பூரமும் மெந்தாலும் சேர்த்த கலவை என்றால் ஜில்லென்றும் இருக்கும். ஆனால், ஒவ்வாமை அப்படியே இருக்கிறது. மருந்தின் வேகம் இறங்கியதும் குழாய்கள் மறுபடி விரிகின்றன. நாள் கணக்கில் விட்டுக்கொண்டே இருந்தால் முன்னைவிட அதிகமாகச் சிவக்கிறது. சிவப்பைப் பார்த்து மறுபடி மருந்து, மருந்தால் மறுபடி சிவப்பு. மூன்று நாளைத் தாண்டக் கூடாது என்பது அதனால்தான். குறுங்கோண வகைக் கண் அழுத்த நோய் உள்ளவர்கள் இதைத் தொடவே கூடாது. ரத்த அழுத்தம், இதய நோய், தைராய்டு தொல்லை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் விடக் கூடாது.

ஓலோபடடின், கீட்டோடிஃபென் என்று இருந்தால் அது அரிப்புக்கான மருந்து. ஹிஸ்டமினைத் தடுப்பதோடு, மாஸ்ட் செல்கள் அதை மேலும் வெளியேற்றாமலும் பார்த்துக்கொள்கிறது. 0.1 சதவீத ஓலோபடடினை வழக்கமாகக் காலையும் மாலையும் ஒவ்வொரு சொட்டு விடுவார்கள். சீசன் முழுக்க ஒவ்வாமை படுத்துகிறவர்களுக்கு மருத்துவர்கள் எழுதித் தருவது பெரும்பாலும் இந்த வகைதான். குளோர்பெனிரமைனும் அரிப்புக்கானதுதான், ஆனால் அது பல மருந்துகளில் நாஃபசோலினோடு கலந்தே வருகிறது. அப்படிப்பட்ட கலவைக்கும் அந்த மூன்று நாள் கணக்குதான்.

மூன்றாவது வகை ஸ்டீராய்டு. டெக்ஸாமெத்தசோன் போன்றவை இதில் சேரும். அரிப்பு சட்டென்று அடங்குவதால், பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்கி விடுகிறவர்கள் உண்டு. கண்ணில் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு கெடுவது வெளியே தெரியாது, கண்புரையும் வரலாம். கோடைதோறும் கண் அரிக்கும் பிள்ளைகளுக்கு இந்த ஆபத்து அதிகம்.

மருந்து விடும் முறையும் முக்கியம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கீழிமையை இழுத்து, ஒரே சொட்டு விட்டால் போதும். இரண்டாவது சொட்டு கன்னத்தில்தான் வழியும். புட்டியின் நுனி இமையில் படக் கூடாது. கண்ணை மூடி, மூக்கோர முனையை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தால் மருந்து தொண்டைக்கு இறங்காது. இன்னொரு மருந்து இருந்தால் ஐந்து நிமிடம் கழித்து விடலாம். கான்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிட்டுத்தான் மருந்து. பத்து, பதினைந்து நிமிடம் கழித்து மாட்டலாம். திறந்து ஒரு மாதமான புட்டி குப்பைக்கு. தாய்ப்பாலும் பன்னீரும் கண்ணுக்குள் வேண்டாம், கிருமி சேரும்.

சிவப்பு நீக்கும் மருந்து குழந்தைகள் வாயில் போய்விட்டால் பெரும் விபரீதம். 1985 முதல் 2012 வரை ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் இவ்வகைக் கண், மூக்கு மருந்துகளைக் குடித்த 96 சம்பவங்களை ஆராய்ந்தது அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. வெறும் 1 அல்லது 2 மில்லி உள்ளே போனாலே இதயத் துடிப்பு குறைந்து மயக்கநிலைக்குப் போகலாம் என்று அது எச்சரித்தது. சுற்றுலா வந்த இடத்தில் கைப்பையிலும் கட்டில் ஓரத்திலும் புட்டியைப் போட்டு வைக்காதீர்கள்.

ஒரு கண்ணில் மட்டும் வலி, பார்வை மங்கல், வெளிச்சத்தைப் பார்க்க முடியாமை, சீழ் வடிதல், கண்ணில் அடி, மருந்து விட்டும் மூன்று நாளில் அடங்காத சிவப்பு ஆகியவற்றில் எது இருந்தாலும் மருந்துக்கடையை விட்டுவிட்டுச் சேலத்துக்கு இறங்கிக் கண் மருத்துவரைப் பாருங்கள். விட்ட மருந்தின் புட்டியையும் பெட்டியையும் மறக்காமல் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.