நாலு பிளேட், 1,460 கிராம்

ஃபைலைப் பிளேட்டுக்கான புள்ளிகளாக மாற்றும் ரிப்பின் திரையில் ஒரே வரி. பிழை: லிமிட்செக். தடுக்கிய கட்டளை: ஃபில். பிளேட் வரவில்லை. கேட்லாக் கொடுத்த பம்ப்செட் கம்பெனிக்காரர் போனில் கேட்கிறார்: "ஏனுங்க, எங்க ஆபீஸ் பிரிண்டர்ல நல்லா வந்துச்சுங்களே?"

வந்திருக்கும். அங்கே அங்குலத்துக்கு 600 புள்ளி, இங்கே 2,400. ரிப் படிக்கும் பக்க மொழியான போஸ்ட்ஸ்கிரிப்ட் ஒரு வளைவை நிரப்ப, அதைச் சின்னச் சின்ன நேர்கோடுகளாக உடைக்கும். புள்ளி நெருங்க நெருங்கத் துண்டுகள் பெருகும். அடோபி 1984இல் வெளியிட்ட அதன் முதல் நிலையில் ஒரு பாதைக்கு 1,500 முனைப்புள்ளிதான் எல்லை. அடுத்த நிலைகளில் அந்த எல்லையை நினைவகம் தீர்மானித்தது.

திருப்பூர் பனியன் பிரிண்டுக்கு பிலிம் எடுக்க வரும் புலித்தலைகளை நினைத்துப் பாருங்கள். ஆட்டோ டிரேஸ் போட்டு, மீசை ரோமம் ஒன்றுவிடாமல் ஒரே பாதையாகச் சேர்த்திருப்பார்கள். தமிழ் எழுத்தும் சளைத்ததல்ல. கோரல்டிராவில் 'கர்வ்ஸ்' ஆக்கிய 'ஞ'வுக்கு 30 முனைப்புள்ளி என்று வைத்தால், 50 எழுத்தைக் 'கம்பைன்' செய்ததுமே 1,500 முடிந்துவிடும். மருந்து எளிது: பாதையைப் பிரித்துவிட வேண்டும், இல்லையென்றால் வளைவின் நுணுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

இன்னொரு வரி, விஎம் எரர். நினைவகம் தீர்ந்தது என்று அர்த்தம். 1985இல் வந்த ஆப்பிள் லேசர்ரைட்டரின் விலை 6,995 டாலர், நினைவகம் 1.5 எம்பி. 300 புள்ளியில் ஒரு ஏ4 பக்கமே 87 லட்சம் பிட், அதாவது 1.09 எம்பி. மீதி 0.4 எம்பியில் ஃபான்ட், படம் எல்லாம் குடித்தனம் நடத்தின. இன்று 18க்கு 25 அங்குல ஷீட்டில் நாலு ஏ4 பக்கம் வைத்து 2,400 புள்ளியில் எடுத்தால், ஒரு நிறத்துக்கு 259.2 கோடி பிட், 324 எம்பி. நாலு நிறத்துக்கு 1,296 எம்பி.

தடுக்கிய கட்டளையின் இடத்தில் வாயில் நுழையாத கிறுக்கல் இருந்தால், கோளாறு பெரும்பாலும் டிசைனில் இல்லை, ஃபைல் வந்த வழியில் இருக்கிறது. ஏ4 முழுப்பக்க நாலு வண்ணப் படம் 300 புள்ளியில் 34.8 எம்பி. அதை எழுத்துகளாக மாற்றி அனுப்பினால் ஹெக்ஸில் 69.6, ஆஸ்கி85இல் 43.5. இடம் மிச்சம் என்று பைனரியாகவே அனுப்பி, நடுவில் எதுவோ அதை எழுத்தாக நினைத்துத் திருத்திவிட்டால், படத்தின் துணுக்கையே கட்டளையாகப் படிக்கும் ரிப், 'அன்டிஃபைன்ட்' என்று நின்றுவிடும்.

ஒரே ஸ்பாட் நிறத்தை ஒரு படத்தில் 'பேன்டோன் 286 சி' என்றும் இன்னொன்றில் '286 சிவிசி' என்றும் பெயரிட்டிருந்தால் நாலு வண்ணத்தோடு சேர்த்து ஐந்துக்குப் பதில் ஆறு பிளேட் வரும். ஒவ்வொரு பிளேட்டும் 745க்கு 605 மில்லிமீட்டர், 0.3 மில்லிமீட்டர் கனம்: ஒரு பிளேட்டில் அலுமினியம் 365 கிராம். சாதாரண நாலு வண்ண வேலையின் நாலு பிளேட்டுக்கு 1,460.

இதுவரை சொன்னதெல்லாம் பேப்பர் மிஷினுக்குப் போவதற்கு முன்பே கண்ணில் படுகிற செலவு. எனக்குப் பயம், ரிப் நிற்காமல் தாண்டிப்போகிற பிழையிடம். ஃபான்ட் கிடைக்கவில்லையென்றால் அது ஓர் எச்சரிக்கையை லாகில் எழுதிவிட்டு, கூரியரைப் போட்டு வேலையை முடித்துவிடும். (பார்சல் கூரியர் இல்லை, டைப்ரைட்டர் எழுத்து.) ஆங்கிலத்தில் பரவாயில்லை, வாசிக்கவாவது முடியும். பழைய தமிழ் ஃபான்ட்கள் பலவற்றில் ஆங்கில எழுத்தின் எண்ணில்தான் தமிழ் எழுத்து குடியிருந்தது. ஆகவே 'மோட்டார்' இருந்த இடத்தில் பொருளில்லாத ஆங்கிலக் குவியல் வரும். தமிழ் படிக்கத் தெரியாத மிஷின்மேனுக்கு அது ஏதோ மாடல் நம்பர்.

2010 ஜூன் 23 முதல் 27 வரை கோவையில் செம்மொழி மாநாடு நடந்தது. அதை ஒட்டித் தமிழக அரசு யூனிகோடையும் டேஸ் 16ஐயும் தமிழ் எழுத்துக் குறியீட்டின் தரமாக ஏற்றது. ஆனாலும் 2001இல் கடைசிப் பெரிய பதிப்பு கண்ட பேஜ்மேக்கரில் செய்த விலைப்பட்டியல்கள் இன்னும் பென்டிரைவில் வருகின்றன. டைப் 1 என்ற பழைய ஃபான்ட் வகைக்கான ஆதரவையும் அடோபி 2023 ஜனவரியில் நிறுத்திவிட்டது.

130 ஜிஎஸ்எம் ஆர்ட் பேப்பர், 18க்கு 25: ஒரு ஷீட் 37.74 கிராம். 5,000 ஷீட் ஓடிய பிறகு கூரியர் கண்ணில் பட்டால் 188.7 கிலோ. கிலோ 90 ரூபாய் என்று கணக்குக்கு வைத்தால் 16,983 ரூபாய். கெட்டது கறுப்புப் பிளேட் ஒன்றுதான். அதற்கு 250 என்று வையுங்கள். மற்ற மூன்றையும் திரும்ப மாட்டிக்கொள்ளலாம். இங்க், கரண்ட், கூலி இதில் சேரவில்லை.

ஃபைல் வந்ததும் ஃபான்ட் பட்டியலைத் திறந்து பார்க்க ரெண்டு நிமிஷம் ஆகும். நாம் கேட்காத கூரியர் அதில் உட்கார்ந்திருந்தால், பிளேட் போடுவதற்கு முன் கம்பெனிக்காரருக்கு ஒரு போன்.